கூலண்ட் மாற்றுவது வீட்டிலா, ஒர்க் ஷாப்பிலா? உங்களுக்குத் தெரியுமா?

● பனி உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு, பச்சைத் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது நீலகிரிக்கு வேண்டுமானால் தேவைப்படலாம். நமக்குப் பயன் அடுத்த இரண்டில். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், இந்தக் கலவை வண்டிக்குள் 125 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். அதோடு, அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காக்கும் மருந்துகளும் அதில் உண்டு.

● தீர்ந்துபோவது கிளைகால் அல்ல, அந்த அரிப்புத் தடுப்பு மருந்துதான். அதனால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் கூலண்டும் வேலைக்கு ஆகாததாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல், எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியின் கையேடு சொல்வதை நம்புங்கள்.

● பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொருள் எதுவும் இல்லை. அது வெறும் சாயம். ஒரே பச்சையில் இரண்டு வேறு ரசாயனங்கள் விற்கப்படுகின்றன. பொருந்தாத இரண்டைக் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும். சில கலவைகள் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கவும் கூடும். பாட்டிலில் ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234 போன்ற தர எண்ணையும், உங்கள் கையேடு கேட்கும் வகையையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

● கூலண்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டி. கிளைகால் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கலக்காத கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்தும் விடும். ‘ரெடி மிக்ஸ்’ என்றால் அப்படியே ஊற்றலாம். ‘கான்சன்ட்ரேட்’ என்றால் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தாக வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் சுண்ணாம்பு உப்பு உள்ளே படியும், குளோரைடு அலுமினியத்தைத் தின்னும்.

● ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டால் கூலண்ட் முழுவதும் வந்துவிடும் என்று எண்ணுகிறோம். வராது. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமான பங்கு தங்கிவிடும். வீட்டில் செய்பவர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்: பாதிப் பழசின் மேல் பாதிப் புதிதை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார். பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. வடித்தபின் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு இன்ஜினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். வருவது தெளிவாகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இப்போது உள்ளே தங்கியிருப்பது வெறும் தண்ணீர். ஆகவே ரெடி மிக்ஸ் ஊற்றினால் நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று கையேடு சொன்னால் 3 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கணக்கு பாதிக்குப் பாதியாக வந்து நிற்கும்.

● ஊற்றுவதைவிடக் கடினமான வேலை காற்றை வெளியேற்றுவது. உள்ளே காற்றுக் குமிழ் சிக்கினால், மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்பார்கள், கூலண்ட் சுற்றாமல் ஹெட் கேஸ்கெட் வரை சேதம் போகலாம். இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவது அதன் அடையாளம். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்ப முடியாது: சென்சாரைச் சுற்றிக் கூலண்டே இல்லாவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழேயே நிற்கலாம். வீட்டில் என்றால், குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து நிரப்பி, முன்பக்கம் சற்று உயர வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கையேடு சொல்லும் முறைப்படி ஓடவிட வேண்டும். சில இன்ஜின்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகாணியே உண்டு. நல்ல ஒர்க் ஷாப்பில் வேக்கம் கருவி வைத்திருப்பார்கள். காற்றை முதலில் உறிஞ்சிவிட்டுக் கூலண்டை அந்த வெற்றிடமே இழுத்துக்கொள்ளும்படி செய்வார்கள். புதிய கார்களுக்குக் கொடுக்கும் கூலி இதற்காகவே தகும்.

● ஒர்க் ஷாப்பிலும் ரிசர்வ் டேங்கை மட்டும் உறிஞ்சிப் புதிது நிரப்பி, ‘ஃப்ளஷ் பண்ணியாச்சு’ என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை லிட்டர் போனது, என்ன வகை என்று கேளுங்கள்; காலி பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

● வீட்டிலேயே தாராளமாகச் செய்யத்தக்கது பைக். லிக்விட் கூல்டு பைக்குகள் பலவற்றில் மொத்தமே ஒன்றிரண்டு லிட்டர்தான். வாட்டர் பம்ப் மூடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் போதும். அந்த போல்ட்டின் வாஷரை மட்டும் புதிதாகப் போடுங்கள். தலைமுறைகளாகக் காற்றால் குளிர்ந்த ராயல் என்ஃபீல்டுகூட 2023-இல் ஹிமாலயன் 450 வழியாக ரேடியேட்டருக்கு வந்துவிட்டது.

● மின்சாரக் கார்களிலும் கூலண்ட் உண்டு. பேட்டரியைச் சுற்றியும் அது ஓடுகிறது. சில வண்டிகளுக்கு மின்சாரத்தை எளிதில் கடத்தாத தனிவகை வேண்டும். அதில் வீட்டுப் பரிசோதனை கூடாது.

● 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றபோது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் வழியெல்லாம் நிரப்பிக்கொண்டே போனார். அந்தத் தொல்லை தீர, வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். அவருடைய 1901 மெர்சிடஸில் இருந்தவை 8,070 சிறு குழாய்கள்.

● சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பல கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும். விரல்களைத் தள்ளி வையுங்கள்.

● வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்து, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் ஒப்படையுங்கள்.

● எத்திலீன் கிளைகால் இனிக்கும். அதுதான் ஆபத்து. நாயும் பூனையும் தரையில் தேங்கியதை நக்கும். பூனைக்குச் சில மில்லி லிட்டரே போதும். வயிற்றுக்குள் போனதைக் கல்லீரல் ஆக்சாலிக் அமிலமாக மாற்றும்; அது சிறுநீரகத்தில் படிகமாகி அடைக்கும். முதலில் குடிபோதை போலத் தள்ளாட்டம் மட்டுமே தெரிவதால் வீட்டார் காத்திருந்து விடுகிறார்கள். கூலண்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதை மணல் போட்டு அள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்ததாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் சிறுநீரகம் கெடுமுன் கொடுத்தாக வேண்டும். உள்ளே போனது என்னவென்று மருத்துவருக்குத் தெரிய, அந்தக் கூலண்ட் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.