ஓலையில் விட்ட புள்ளி... டி.என்.ஏ-வில் தேடும் புள்ளி!

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் போன்ற நூலகங்களில் பழைய ஓலைச்சுவடிகளைப் படிப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். எழுதியிருப்பது 'பல்'லா, 'பல'வா? இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்புக்குள்ளும் இதே புள்ளி விவகாரம் இருக்கிறது. டி.என்.ஏ-வில் ஏ, டி, ஜி, சி என 4 எழுத்துகள். மனிதனுக்கு சுமார் 300 கோடி எழுத்துகள். இதில் 'சி'யின் மேல் மெத்தில் என்ற குட்டி வேதிப்பொருள் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது. ஆனால், பல இடங்களில் அந்த ஜீன் அடங்கிவிடும்.

நம் டெல்டாவின் உம்பளாச்சேரி மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மடிக்கும் மூளைக்கும் டி.என்.ஏ ஒன்றுதான். ஆனாலும் மடிதான் பால் சுரக்கிறது. எந்த ஜீன் எங்கே பேச வேண்டும், எங்கே வாய் மூட வேண்டும் என்பதில் இந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் டி.என்.ஏ-வை ஊறவைப்பார்கள். புள்ளி இல்லாத 'சி', 'டி' போல மாறிவிடும். புள்ளி வைத்தது அப்படியே நிற்கும். 1992-ல் வந்த முறை இது.

2009-ல் சிக்கல் வந்தது. பாலூட்டிகளின் மூளையில் ஹைட்ராக்ஸிமெத்தில் என்ற இரண்டாவது புள்ளியும் கணிசமாக இருப்பது தெரிந்தது. பைசல்ஃபைட்டின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால், அதுவரை போட்ட வரைபடங்களில் எது எந்தப் புள்ளி?

பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ஷங்கர் பாலசுப்ரமணியன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். டி.என்.ஏ-வை மின்னல் வேகத்தில் படிக்கும் முறையை டேவிட் க்ளெனர்மேனுடன் சேர்ந்து உருவாக்கியவரும் இவரே. 2012-ல் இவரது குழு, பைசல்ஃபைட்டுக்கு முன்னால் இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்தது. அது இரண்டாவது புள்ளியை மட்டும் உருமாற்றிவிடும். அதன்பின் பைசல்ஃபைட்டிடம் அதுவும் தப்பாது. அந்த ரசாயனத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை படித்தால், கிடைக்கும் வித்தியாசம்தான் இரண்டாவது புள்ளி. கேட்டால், 'அட, இவ்வளவுதானா' என்றுதான் தோன்றும்!

இதனால் நமக்கு என்ன லாபம்? புற்றுநோய் செல்களில் இந்தப் புள்ளிகள் தாறுமாறாகிக் கிடக்கும். கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டி.என்.ஏ துணுக்குகளின் புள்ளிகளைப் பார்த்து, அவை எந்த உறுப்பிலிருந்து வந்தவை என்று கணிக்கும் பரிசோதனைகள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. ஆரம்பக்கட்டப் புற்றைத் தவறவிடுவதும் உண்டு என்பதால், மற்ற பரிசோதனைகளைக் கைவிட முடியாது.

இன்னொரு சுவாரஸ்யம். 348 பாலூட்டி இனங்களின் புள்ளிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. புள்ளிகளை வைத்தே விலங்கின் வயதையும் கணிக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் தரகர்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் கணக்குக்கு ஆய்வகமும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம்!