கால் ஒட்டும் தரை

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் முழுக்க ஒரு சத்தம் என்னைப் பின்தொடர்ந்தது. ஹாலில் வெறுங்காலோடு நடந்தால் ‘சப்... சப்...’ என்று உள்ளங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய மொசைக் தரை. எனக்கு முன் இருந்தவர்கள் சுத்தம் பார்க்காதவர்கள் இல்லை, தினமும் துடைத்திருக்கிறார்கள். நானும் தினமும் துடைத்தேன். ஒரு மூடி போதும் என்று போட்டிருந்த வாசனை லிக்விடை இரண்டு மூடியாக ஊற்றினேன். வீடு எலுமிச்சைத் தோப்பு மாதிரி மணந்தது. கால் முன்னைவிட அதிகமாக ஒட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்திவிட்டு, மூலையில் ஓரடிக்கு ஓரடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு சொம்பு வெந்நீர், துணி துவைக்கிற பிரஷ். சோப்பு எதுவும் போடவில்லை. தேய்க்க ஆரம்பித்து அரை நிமிஷம் இருக்கும், பிரஷின் ஓரத்தில் நுரை கட்டியது. வெறும் தண்ணீருக்கு ஏது நுரை? தரையிலிருந்துதான் வந்தது. வருஷக்கணக்காகப் பூசிப் பூசி அலசாமல் விட்ட சோப்பு, படலம் படலமாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. அதில்தான் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு கறுத்திருக்கின்றன. நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்ததில் பாதி, போன வருஷத்துச் சோப்பு.

சோப்பின் வேலையைப் புரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனை. ஒரு முனை எண்ணெயைக் கவ்வும், மறுமுனை தண்ணீரோடு போகும். அழுக்கைச் சுற்றி வளைத்து, தரையிலிருந்து பிரித்து, தண்ணீரில் மிதக்க வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. அந்தத் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டுவது நம் வேலை. அதைச் செய்யாமல் அப்படியே காயவிட்டால், பிரித்தெடுத்த அழுக்கையும் சோப்பையும் சேர்த்துத் தரையில் மறுபடி பூசியதாகத்தான் அர்த்தம்.

இதில் போர் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. துணிக்குப் போடும் பார் சோப்பைச் சீவிக் கரைத்துத் தரை துடைக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்தச் சோப்பு இந்தத் தண்ணீரில் நுரைப்பதற்கு முன்பே கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். தண்ணீரில் கரையாது, தரையில் படிந்தால் துடைத்தும் போகாது. பாத்திரம் துலக்கும் லிக்விட் மாதிரியானவற்றில் இருப்பது செயற்கைச் சலவைப் பொருள். அது உப்புத் தண்ணீரில் இப்படித் திரியாது. ஆனால் அதையும் அலசாமல் விட்டால் பிசுபிசுக்கும்.

தரைக்கு எந்தச் சோப்பு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தரை எதனால் ஆனது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை என் சித்தி வீட்டில் பார்த்தேன். கிரகப்பிரவேசத்தன்று கண்ணாடி மாதிரி முகம் தெரிந்த மொசைக், வயதாகி மங்கியிருந்தது. ‘டீப் கிளீனிங்’ செய்கிறவர்களை வரவழைத்தார். வந்த பையன்கள் இருவரும் நல்ல உழைப்பாளிகள். கையில் ஆசிட் கேன், காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான் அவர்களுக்குக் கொடுத்து அனுப்பிய பாதுகாப்பு. கையுறை இல்லை, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆசிட்டை ஊற்றியதும் தரை முழுக்கப் புசுபுசுவென்று பொங்கியது. “பாருங்கம்மா, எப்படிப் பொங்குது! இத்தனை வருஷத்து அழுக்கும் வெளிய வருது” என்றான் ஒருவன். சித்தி மகிழ்ந்துபோனார்.

பொங்கியது அழுக்கு இல்லை, தரை. மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்துச் சாணை பிடித்த தரை. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வெளியேறும், கல் கரையும். மேல் தோலோடு அழுக்கும் போனதால் அன்றைக்குத் தரை வெளுத்துத் தெரிந்தது. காய்ந்த பிறகு கை வைத்துப் பார்த்தேன். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்றிருந்தது. அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு குழியிலும் தூசி போய் உட்கார, இரண்டே மாதத்தில் முன்பைவிடக் கறுத்தது. இனி அதற்கு மெஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போடுவதைத் தவிர வழியில்லை. பாலிஷ் போடுகிறவர்களும் கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் பவுடர் தூவித் தேய்ப்பார்களே என்று கேட்கலாம். அது கை பழகிய தொழிலாளி அளவு பார்த்துப் போட்டு, தேய்த்துக் கழுவி எடுப்பது. கேனைக் கவிழ்ப்பதும் அதுவும் ஒன்றாகாது.

மார்பிளுக்கும் இதே கதிதான். அதற்கு ஆசிட் கேன்கூட வேண்டாம், நறுக்கிய எலுமிச்சம்பழத்தை மறந்து வைத்துவிட்டுப் போனால் போதும், அந்த இடம் மங்கிவிடும். கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனம். சமையல் மேடையாகப் போட்ட வீடுகளில் புளித்தண்ணீர் சிந்திய இடமெல்லாம் வெளிறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரானைட் வேறு ஜாதி, பழரசத்துக்கெல்லாம் அசையாது. விட்ரிஃபைட் டைல்ஸ் அதைவிடக் கெட்டி, தண்ணீரையே உறிஞ்சாது. ஆனால் டைல்ஸுக்கு டைல்ஸ் இடுக்கில் பூசியிருப்பது சிமெண்ட். ஆசிட் டைல்ஸை விட்டுவிட்டு இடுக்கைத்தான் தின்னும். இடுக்கு பள்ளமாகி, அதில் தண்ணீர் தங்கி, கறுப்புக் கோடுகள் விழுந்த குளியலறைகள் பெரும்பாலும் வாராவாரம் ஆசிட் கண்ட குளியலறைகள்தான்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் இந்தத் தரைக்கல்லைச் செய்யும் விதத்தைப் பார்த்தவர்கள் அதன்மேல் ஆசிட் ஊற்ற மாட்டார்கள். ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டும் கலக்காமலும் நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவது, காயவைப்பது. சூளையே கிடையாது. கண்ணாடி விலகும்போது, கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் கண்ணாடி மாதிரியே பளபளக்கிறது. அந்தப் பளபளப்புக்கு மேல் காப்பாக ஒரு பூச்சும் இல்லை. மிதிக்க மிதிக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும் தரை அது. செட்டிநாட்டு வீடுகளில் துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு தேங்காயெண்ணெய் விடுவார்கள். சில சொட்டு என்றால் சில சொட்டுதான். கூடினால் வழுக்கும், தூசியும் பிடிக்கும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரைக்கும் இந்தப் பக்குவமே பொருந்தும். அதுவும் சிமெண்டில் இரும்பு ஆக்சைடு கலந்து, கொத்தனார் கரணையால் மணிக்கணக்கில் இழைத்து இழைத்துக் கொண்டுவந்த மெருகு.

சரி, கடையில் வாங்கி வைத்திருக்கும் லிக்விட் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேபிளில் எல்லோரும் எழுதுவதில்லை. நம் வீட்டிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆலம் கரைப்போமே, மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும் குணம் கொண்டது. மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் சிவந்து நம்மைப் பயமுறுத்துவதும் இதனால்தான். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்து, தரை லிக்விடை இரண்டு சொட்டு விடுங்கள். சிவந்தால் காரம். மஞ்சளாகவே இருந்தால் நடுநிலையாக இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய, சுண்ணாம்பு சேர்த்துச் சிவந்த ஆலத் தண்ணீரில் அதே லிக்விடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். சிவப்பு மாறி மஞ்சள் திரும்பினால் அமிலம். பிளீச்சுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது, அது நிறத்தையே தின்றுவிடும்.

காரம் எண்ணெய்ப் பிசுக்குக்கு எமன். அந்தக் காலத்தில் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பலால் துலக்கியது இதற்காகத்தான், சாம்பலில் இருப்பது காரம். அடுப்படி டைல்ஸில் தாளிப்பு எண்ணெய் தெறித்து மஞ்சளாக இறுகியிருந்தால், அரை வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போதும். ஆப்பசோடா வேறு, வாஷிங் சோடா வேறு. இரண்டாவது பல மடங்கு உக்கிரம், ரப்பர் கையுறை கட்டாயம். குளியலறையில் குழாயடியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறைக்கு மட்டும் அமிலம்தான் சரி. வினிகரோ, சிட்ரிக் ஆசிட் கரைசலோ போதும். முதலில் வெறும் தண்ணீரால் டைல்ஸ் இடுக்குகளை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரம் குடித்து நிறைந்த இடுக்கு அமிலத்தை அதிகம் குடிக்காது. மொசைக், மார்பிள், ஆத்தங்குடிக் கல், சிவப்புத் தரை எல்லாவற்றுக்கும் நடுநிலைச் சோப்பு. பாத்திரம் துலக்கும் சாதாரண லிக்விட், அரை வாளிக்கு ஒரு தேக்கரண்டி. அதற்குமேல் ஊற்றுவதெல்லாம் தரையில்தான் தங்கும்.

சுத்தம் செய்வது பற்றி 1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். ரசாயனம், சூடு, தேய்ப்பு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்த வட்டம் அது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். ஆசிட்டைத் தேடுகிறவர்கள் மற்ற மூன்றையும் மிச்சம்பிடிக்கப் பார்க்கிறவர்கள். நான்கில் காசே செலவில்லாதது நேரம். துணியை ராத்திரியே ஊறவைக்கத் தெரிந்த நமக்குத் தரையை ஊறவிடத் தோன்றுவதில்லை. சோப்புத் தண்ணீரைத் தரையில் பரப்பிவிட்டுப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள், காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலையை அது செய்து வைத்திருக்கும்.

பினாயில் பற்றியும் சொல்ல வேண்டும். அது கிருமிநாசினி, அழுக்கு எடுப்பது அதன் பிரதான வேலை இல்லை. பிளீச்சிங் பவுடரும் அப்படியே. அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் சக்தி அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் சோப்பு, பிறகு அலசல், அதன் பிறகுதான் பினாயிலோ பிளீச்சோ. இரண்டு ரசாயனங்களை ஒன்றாகக் கலக்கவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் 1915-இல் பெல்ஜியத்துப் போர்முனையில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ‘இது போட்டும் போகலையே’ என்று அதன்மேல் இதை ஊற்றுவது நம் வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் அதைச் செய்வது வேலைக்கு வரும் பெண்கள். தொண்டை கமறி இருமிக்கொண்டே தேய்ப்பார்கள். அவர்கள் கையில் நாம் எந்த பாட்டிலைக் கொடுக்கிறோம், கூடவே ஒரு ஜோடி கையுறை கொடுக்கிறோமா என்பதை வீட்டுக்காரர்கள் யோசித்தே ஆக வேண்டும். ஒரு ஜோடி ரப்பர் கையுறை பெரிய செலவே இல்லை.

என் ஹாலுக்கு வருகிறேன். இரண்டு வாளி வைத்துக்கொண்டேன். ஒன்றில் சோப்பு வெந்நீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் உலர்ந்த தரையை நன்றாகப் பெருக்கினேன். தூசியை நனைத்தால் சேறாகும். நாலடிக்கு நாலடியாகப் பிரித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்தேன். இரும்புக் கம்பி வேண்டாம், கீறிவிடும். வந்த தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதைத் தள்ளிப் பரப்பாமல் பழைய துண்டால் ஒற்றி எடுத்தேன். பிறகு வெறும் தண்ணீர் வாளியில் துணியை நனைத்து இரண்டு முறை அலசல். அந்த வாளித் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தேன். ஹால் முழுக்க முடிய ஒரு பகல் ஆயிற்று.

அலசல் போதுமா என்பதற்கு ஒரு பரீட்சை. காய்ந்த தரையில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தேன். முதல் தடவை சாம்பல் கோடு. மறுநாள் மறுபடி வெறும் தண்ணீரால் அலசினேன், கோடு மெலிந்தது. மூன்றாம் நாள் துணி போட்டபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்த மொசைக்கில், சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகக் கரும்பச்சைச் சில்லுகளும் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றிரண்டும் இருந்தன.