கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன்னே

கொழும்பில் கட்டட வேலைக்குப் போன நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது, இப்போது உடுப்புப் பெட்டியோடு ஒரு நாலு அங்குலக் கிரைண்டரையும் ட்ரில் மெசினையும் கொண்டுவருகிறார்கள். இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுப்பது, கூரைத் தகரம் மாற்றுவது, இரும்புக் கேட் செய்வது என்று லயத்தில் வேலைக்குக் குறைவில்லை. கருவி இருந்தால் இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடும். நல்லதுதான். ஆனால் பெக்டரிப் பட்டறையில் அதே கருவியைப் பிடிக்கும்போது இருக்கிற எர்த், சப்பாத்து, கண்ணாடி எதுவும் லயத்து வாசலில் இருப்பதில்லை. மழை பெய்து நனைந்த தரை, வெறுங்கால், மடித்துக் கட்டிய சாரம். இப்படித்தான் வேலை நடக்கிறது.

"பியூஸ் இருக்குத்தானே, கரண்ட் அடிச்சா அது போயிடும்" என்று பலர் சொல்வார்கள். இது பெரிய தவறான எண்ணம். பியூஸ் காப்பாற்றுவது வயரை, மனிதனை அல்ல. நாலு அங்குலக் கிரைண்டர் ஒன்று ஓடுவதற்கே சுமார் 3 அம்பியர் எடுக்கும். பிளக்கில் உள்ள பியூஸ் 13 அம்பியர். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற். ஈரமான உடம்பின் வழியாக அது பாய்ந்தால் சுமார் கால் அம்பியர்தான் போகும். 13 அம்பியர் பியூஸுக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆனால் மனிதனின் இதயத்தை நிறுத்த அதில் பாதிகூடத் தேவையில்லை. பியூஸ் போகாது, ஆள் போய்விடுவார்.

ஆளைக் காப்பாற்றக் கூடியது டிரிப் சுவிச்சு. 30 மில்லி அம்பியர் அளவு கரண்ட் வழி தவறி நிலத்துக்குப் போனாலே அது கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதில் "T" என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்துங்கள். சுவிச்சு விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், உடனே மாற்ற வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கை லைன் வயரிலும் மறு கை நியூட்ரல் வயரிலும் பட்டால் டிரிப் சுவிச்சுக்கு அது தெரியாமலே போகலாம். பழைய லயங்களில் பியூஸ் கட்டை மட்டும் உள்ள காம்பராக்களும் உண்டு. அங்கே கிரைண்டர் ஓட்டாதீர்கள். டிரிப் சுவிச்சு உள்ள வீட்டிலிருந்து நல்ல எக்ஸ்டென்சன் வயர் இழுத்துக் கொள்ளுங்கள்.

வயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளக் இல்லாமல் இரண்டு வயர் நுனியைத் துளைக்குள் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இழுபட்டால் உயிருள்ள நுனி நிலத்தில் கிடக்கும், யாராவது ஒரு குழந்தை மிதிக்கும். சுருளாக உள்ள எக்ஸ்டென்சன் வயரை முழுவதும் அவிழ்த்து விட்டுத்தான் பாவிக்க வேண்டும், சுருளோடு ஓட்டினால் உள்ளுக்குள் சூடேறி உருகும். கருவியின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்புள்ளது. அதற்கு எர்த் வயர் வேண்டியதில்லை. அந்த அடையாளம் இல்லாத பழைய இரும்பு உடம்புக் கருவிக்கு எர்த் கட்டாயம்.

இனி கிரைண்டர். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். அப்போது தட்டின் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர். காப்புத் தகடு இருந்தால் உடைந்த துண்டு அதில் பட்டு விலகும். இல்லாவிட்டால் முகத்துக்கு வரும். தகட்டை ஏன் கழற்றுகிறார்கள்? பெரிய தட்டுப் போடுவதற்குத்தான். 7 அங்குலத் தட்டு ஏறக்குறைய 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது. அதை 11,000 சுற்றுக் கருவியில் மாட்டினால் வெடிக்காமல் இருப்பதுதான் அதிசயம். தட்டின் மேலேயே எத்தனை சுற்று என்று அடித்திருக்கிறது. நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஈரத்தில் கிடந்த தட்டையும், கீழே விழுந்து வெடிப்பு விட்ட தட்டையும் எறிந்துவிடுங்கள்.

இதைவிட மோசம், பலகை வெட்டும் பல்லுத் தட்டைக் கிரைண்டரில் மாட்டுவது. பல் மரத்தில் கடித்துக்கொண்டால் கருவி கையை மீறித் துள்ளும். போவது தொடைக்கோ கழுத்துக்கோ. கை வாளால் அறுத்தால் பத்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான்.

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கைபிடியைக் கழற்றக் கூடாது. தட்டு மாற்றும்போது சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். சாரம், சால்வை, அவிழ்ந்த தலைமயிர் ஒன்றும் கிட்டப் போகக்கூடாது. பொறி பறக்கிற பக்கம் மண்ணெண்ணெய், விறகு இருக்கிறதா என்று பாருங்கள். லயத்தில் ஒரு காம்பரா பிடித்தால் வரிசையே எரியும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைக் கிரைண்டரால் வெட்டவே வேண்டாம், அந்தத் தூள் பல வருடம் கழித்து நுரையீரலைத் தின்னும். தண்ணீர் ஊற்றி நனைத்துக் கை வாளால் அறுங்கள். கவ்வாத்துக் கத்தியையும் இதில் தீட்டாதீர்கள். விளிம்பு நீலமாகி இரும்பின் பதம் போய்விடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சு. அது எட்டாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் ஆழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும், அது இலவசம். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உள்காயம் வெளியே தெரியாது.

கடைசியாக நட்டஈடு பற்றி. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்குப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராவுக்குக் கேட் செய்யப்போய் விரல் போனால் தோட்டத்திடம் கேட்க முடியாது. பட்டறையில் நடந்தது என்றால், காயம் சிறிதானாலும், அன்றைக்கே அறிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் தரும் சீட்டையும் வாங்கி வீட்டில் வையுங்கள்.