காப்புப்படியும் உழைப்பும்: தரவுத்தள மீட்பு பற்றிய ஒரு நோக்கு

கணினித் தரவுத்தளங்களின் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனை இயந்திரம் சார்ந்த பிரச்சினையாகவே கொள்வர். வலிமைமிக்க சேவையகங்களும் போதிய காப்புப்படிகளும் இருப்பின் தரவு அழியாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின், நிகழ்ந்த சம்பவங்களை நுணுகி நோக்குமிடத்து, உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்பதே தீர்க்கமான பங்கை வகிப்பது தெரியவருகின்றது. இலக்கிய ஆய்வு நிகழும் ஏட்டில் இதற்கென்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். சுவடிகளைப் படியெடுத்தோரின் உழைப்பினால் எஞ்சிய நூல்களை ஆராய்பவர்கள் நாம். படியெடுப்பாரின்றி மறைந்த நூல்களின் பெயரை மட்டும் அறிந்தவர்களும் நாமே.

தரவுத்தள நிருவாகத்தில் இரண்டு ஏற்பாடுகள் அடிக்கடி ஒன்றாகக் கருதி மயங்கப்படுகின்றன. ஒன்று பிரதியாக்கம்: முதன்மைச் சேவையகத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் துணைச் சேவையகத்துக்கும் செல்லும், முதலாவது நின்றால் இரண்டாவது பணியை ஏற்கும். மற்றையது காப்புப்படி: குறித்த ஒரு நேரத்திலிருந்த தரவு வேறோரிடத்தில் தனியே வைக்கப்படும். முன்னையது சேவை இடையறாதிருக்க உதவுவது. பின்னையது இழந்ததை மீட்க உதவுவது. தவறான கட்டளையால் ஓர் அட்டவணை அழிக்கப்படின், பிரதியாக்கம் அவ்வழிவையும் பிசகின்றிப் பிரதிசெய்துவிடும். எனவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. காப்புப்படியோடு, அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களின் பதிவேட்டையும் தொடர்ந்து சேமித்து வந்தால், அழிவுக்குச் சற்று முந்திய கணம்வரை தரவை மீட்டுக்கொள்ளலாம்.

மென்பொருளாக்குநரின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இல் நிகழ்ந்த விபத்து இவ்வகையில் மிக முக்கியமானது. அதன் விவரங்களை அந்நிறுவனமே முழுமையாக வெளியிட்டது என்பது ஓர் அபூர்வமான விடயம். அன்றிரவு சேவையகத்தின் சுமை அதிகரித்தமையால் துணைச் சேவையகம் முதன்மையினின்றும் பின்தங்கியது. வேலையை முடித்துக்கொண்டு புறப்படவிருந்த பொறியியலாளர் ஒருவர் இப்பிரச்சினை எழுந்ததால் தொடர்ந்து பணியில் இருந்தார். துணைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழித்துப் புதிதாகப் பிரதியெடுக்க முனைந்தவர், முதன்மைச் சேவையகத்திலேயே அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். இரண்டின் பெயர்களும் ஓர் இலக்கத்தாலேயே வேறுபட்டிருந்தன. ஓரிரு விநாடிகளில் அவர் தவறை உணர்ந்து நிறுத்தியபோதும், ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு அழிந்திருந்தது.

இதன்பின் தெரியவந்தவையே எமது கவனத்துக்குரியவை. நாளாந்தக் காப்புப்படி சேமிக்கப்பட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6 ஆம் பதிப்பாக இருக்க, காப்புப்படி எடுக்கும் கருவி 9.2 ஆம் பதிப்பாக இயங்கியமையால் ஒவ்வொரு முறையும் அது தோல்வியுற்றது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநரை உறுதிப்படுத்தும் முறைமையில் இருந்த குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டு எவரையும் சென்றடையவில்லை. வட்டுகளின் நிலைப்படங்களை எடுக்கும் வசதி, ஏனைய காப்புகள் போதுமென எண்ணி, தரவுத்தளச் சேவையகங்களில் இயக்கப்படாதிருந்தது. இறுதியில் உதவியது, வேறொரு பரிசோதனையின் பொருட்டு ஆறு மணிநேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு நிலைப்படமே. அது இருந்த வட்டு மிக மெதுவானது. மீட்பு முடிய ஏறத்தாழ 18 மணிநேரம் சென்றது. ஆண்டில் 99.9 வீதம் இயங்குவதாக வாக்களிக்கும் ஒரு சேவைக்கு வருடம் முழுவதற்கும் அனுமதிக்கப்படும் நிறுத்தம் 8 மணி 45 நிமிடம் மட்டுமே என்பதை இங்கு ஒப்பிடலாம். நிரற் களஞ்சியங்கள் தப்பின. ஆயினும் சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 பயனர் கணக்குகளும் தரவுத்தளத்திலிருந்து மறைந்தன.

மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் மரண விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட மூன்று ரயில்வேத் தொழிலாளரைக் காட்டுகின்றார். விபத்துக்குக் காரணம் அவர்களது கவனக்குறைவு எனப்பட்டது. 8 மணிநேரமாக இருந்த வேலை 14, 18, 20 மணிநேரமாக நீண்டுவிட்டது என்பது அவர்களது மறுமொழி. கிட்லாப் தன் பொறியியலாளரைத் தண்டிக்கவில்லை. மீட்புப் பணியைப் பகிரங்கமாக ஒளிபரப்பவும் செய்தது. இது பாராட்டத்தக்கதே. எனினும், காப்புப்படிகளை மீட்டுப் பார்த்துப் பரிசோதிக்கும் பொறுப்பு எவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்ற அந்நிறுவனத்தின் ஒப்புதலே எமக்கு அதிகம் கூறுகின்றது. பொறுப்பைக் குறிக்க அது கையாண்ட ஆங்கிலச் சொல் 'உடைமை' என்ற பொருளையும் தருவது. உடைமையாளர் இல்லாத வேலை எவருடைய வேலையுமன்று! புதிய வசதியொன்றை ஆக்குபவரின் உழைப்பு கண்ணுக்குப் புலப்படும் பண்டமாகின்றது. ஒவ்வொரு வாரமும் காப்புப்படியை வெற்றுச் சேவையகமொன்றில் மீட்டு, பதிவுகளை எண்ணிச் சரிபார்ப்பவரின் உழைப்போ எதனையும் 'உற்பத்தி' செய்வதாகத் தோன்றுவதில்லை. அது வெற்றிபெறும்போது எதுவுமே நிகழ்வதில்லை.

இதனைத் தனியார் இலாபவேட்கையின் விளைவு என்று கூறி அமைவது கொச்சை மார்க்சியமாகும். இலாபம் தேடாத அரச அமைப்புகளிலும் இதே புறக்கணிப்பு உண்டு. இலங்கையில் 2023 ஓகஸ்ட் 26 இல் 'லங்கா அரசாங்க முகில்' மீது நிகழ்ந்த கப்பத் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான தரவுக்கு வலையமைப்பினின்றும் துண்டித்து வைக்கப்பட்ட காப்புப்படி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதனை ஆக்கிய நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே அதற்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. அதனைப் புதுப்பிப்பது நிதிக் குறைபாட்டாலும் முன்னைய தீர்மானங்களாலும் தாமதித்தது எனப் பொறுப்பான நிறுவனம் விளக்கியது. நாளாந்தம் காப்புப்படி எடுக்கப்படும் எனவும் பின்னர் அறிவித்தது. கிட்லாப்பிலும் நாளாந்தக் காப்புப்படி 'எடுக்கப்பட்டே' வந்தது. எடுத்ததை மீட்டுப் பார்ப்பவர் எவர், அதற்கென அவருடைய வேலைநேரத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பவை அத்தகைய அறிவித்தல்களில் இடம்பெறுவதில்லை.