செயற்கை ஈயும் அதன் தலைப்பூச்சும்

காஷ்மீரத்து ஓடைகளில் வாழும் டிரவுட் மீன், நீர்மேல் மிதந்து வரும் சிறு பூச்சிகளை விரும்பி உண்பது. 1900-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளால் அங்கே பெருகிய இம்மீனைப் பிடிப்போர், இறகும் ரோமமும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளின்மீது ஒரு பூச்சியின் சாயலைக் கட்டுகின்றனர். செயற்கை ஈ எனப்படுவது இதுவே. அரைமணி நேரம் பொறுமையுடன் கட்டிய ஈயும், தலைமுடிச்சு அவிழ்ந்தால் மீனின் ஒரே கடியில் சிதறிப்போகும். ஆகவே அம்முடிச்சைக் காக்கும் பசை எது என்பது அற்பமான கேள்வியன்று.

பசை முடிச்சுக்குத் துணையே அன்றி மாற்றாகாது. நூலின் நுனியை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து இழுத்து இறுக்கிய பின்னரே பசையை நாடவேண்டும்.

பசை என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறித்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இவற்றின் வேற்றுமை நெடுநாள் விளங்கவில்லை.

முதலாவது, அவலரக்கு வார்னிஷ். புரசு முதலிய மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சாராயத்தில் கரைத்தது. ஜார்க்கண்டில் இது மிகுதியாகக் கிடைக்கிறது. மெய்ப்பூச்சியின் பிசின் பொய்ப்பூச்சியைக் காக்கும் விந்தை இது! ஆனால் கரைத்து நெடுநாள் வைத்தால் சரிவர உலராது. ஈரமும் இதற்குப் பகை. டில்லி மழைக்காலத்து இரவொன்றில் ஆறு ஈக்களுக்கு இதைப் பூசினோம். விடிந்ததும் தலைகள் வெண்மை பூத்திருந்தன. சாராயம் ஆவியாகுங்கால் பூச்சு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. காரணம் அவ்வளவே.

இரண்டாவது, நகப்பூச்சின் இனமான செல்லுலோஸ் லாக்கர். நீர்த்திருந்தால் நூலினுள் ஊடுருவிச் செல்லும், விரைவில் உலரும். சிறிய ஈக்கு இதில் ஒரு துளியே போதும்.

மூன்றாவது, 1958-இல் விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட். சிறிதளவு ஈரம் பட்டதும் நொடிகளில் இறுகும். எனினும் எளிதில் நொறுங்கும். இறகினுள் பரவினால் அதன் அசைவையே கெடுக்கும்.

நான்காவது, இரு பொருள்களைக் கலந்து ஆக்கும் எப்பாக்ஸி. பெரிய ஈக்குக் கண்ணாடி போன்ற தடித்த மேனி தருவது. இறுகும்வரை ஈயைச் சுழற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். புற ஊதா ஒளியால் இறுகும் பிசினோ, நாம் வேண்டும்போது விளக்கொளியை அதன்மேல் காட்டினால் நொடிகளில் கெட்டியாகும்.

எதைப் பூசினாலும் ஊசிமுனையால் சிறிதளவே இடுக. முள்ளின் காதில் பசை புகுந்தால், உலருமுன் இறகுத்தண்டால் நீக்குக. ஆற்றங்கரையில் நடுங்கும் விரல்களால் அடைப்பை நீக்குவது அரிது. கரைப்பான்கள் தீப்பற்றுபவை, சாளரத்தைத் திறந்து வைத்து, நெருப்பை விலக்கிப் பணி செய்க. எப்பாக்ஸி தோலில் படலாகாது. புற ஊதா விளக்கை நேரே நோக்கலாகாது.

கரைப்பானின் மணம் அறவே நீங்கிய பின்னரே ஈயைப் பெட்டியில் வைத்தல் நன்று. ஓரிரவு பொறுத்தவனின் முடிச்சு, மீனின் இழுப்பையும் பொறுக்கும்.