சென்செக்ஸ் எதை அளக்கிறது?

சென்செக்ஸ் உயர்ந்தால் நாடே செழிப்பதாக நாம் எண்ணிவிடுகிறோம். மும்பைப் பங்குச்சந்தையின் 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையை மட்டுமே கொண்டு கணிக்கப்படும் எண் அது. அதிலும் பெரிய நிறுவனத்துக்கே எடை அதிகம்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 24 விழுக்காடு சுருங்கியது. புலம்பெயர் தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஊருக்கு நடந்தார்கள். மார்ச் 23ஆம் நாள் 26,000க்குக் கீழே போன சென்செக்ஸோ, ஆண்டு முடிவில் 47,000ஐத் தாண்டிவிட்டது!

பொய்க்கணக்கா? இல்லை. பங்கு வாங்குபவர் இன்றைய பசியை அல்ல, நாளைய இலாபத்தைக் கணக்கிடுகிறார். வட்டி குறைந்ததால் பணமும் சந்தைக்குப் பாய்ந்தது. மூடிய சிறுகடையின் வியாபாரம் பெரிய நிறுவனத்துக்குப் போனால் அந்த எண் ஏறவே செய்யும். நம் பங்கிலுள்ள விவசாயக் கூலிகளும் மீனவர்களும் தையற்காரர்களும் அந்த 30க்குள் இல்லை.