பழைய காரைத் தாழ்த்தும் முன் அப்சார்பரைப் பாருங்கள்

பத்து வயதைத் தொட்ட காரை வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்பது சிங்கப்பூரில் பல குடும்பங்களுக்கு வரும் கேள்வி. சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, ஹோண்டா ஜாஸ், சுசுகி சுவிஃப்ட், டொயோட்டா வியோஸ் போன்ற சிறிய கார்களைத் தொடர்ந்து ஓட்டுவோர் உண்டு. 10 வயதைத் தாண்டியதும் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் சேரும். 14 வயதுக்குப் பிறகு அது 50 விழுக்காட்டை எட்டும். ஆகவே, அத்தகைய காருக்குச் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் யோசித்துச் செலவிட வேண்டியது.

சான்றிதழைப் புதுப்பித்த கையோடு, வீட்டில் உள்ள இளையர்களுக்குப் பெரும்பாலும் ஓர் ஆசை வரும். காரைச் சற்றுத் தாழ்த்தினால் பார்க்க மிடுக்காக இருக்கும், வளைவுகளில் சாய்வதும் குறையும் என்பது அவர்களின் எண்ணம். காக்கி புக்கிட், சின் மிங், ஊபி வட்டாரப் பட்டறைகளில் இதற்கான ஸ்பிரிங்கை வாங்கிப் பொருத்திவிடலாம். ஆனால் பழைய காரைப் பொறுத்தவரை, எந்த ஸ்பிரிங் வாங்கலாம் என்பது இரண்டாவது கேள்விதான். அப்சார்பர் எந்த நிலையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இரண்டுக்கும் இரண்டு வேலை

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. மேடு பள்ளங்களில் அமுங்கி, மீண்டும் விரிகிறது. அதை அப்படியே விட்டால் கார் தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சார்பரின் வேலை. அதனுள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது.

பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இவ்விரண்டும் சேர்ந்து ஒரே தூணாக இருக்கும். அதுதான் ‘ஸ்ட்ரட்’. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பு, 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார்களில் இடம்பெற்றது. சக்கரத்தை நேராகப் பிடித்திருப்பதும் இந்தத் தூண்தான். அது தளர்ந்துவிட்டால் சொகுசு மட்டும் குறைவதில்லை. டயரின் பிடிமானமும் பிரேக் பிடிக்கும்போது காரின் நிலைத்தன்மையும் பாதிக்கப்படும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

தாழ்த்தும் ஸ்பிரிங் பொதுவாக அசல் ஸ்பிரிங்கைவிடக் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். கார் 30 மில்லிமீட்டர் இறங்கினால், சக்கரம் மேலெழும்ப உள்ள இடமும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. இறுக்கமான ஸ்பிரிங் அதிக விசையுடன் திரும்பி விரியும். அதை அடக்கும் வலு, பத்து ஆண்டு உழைத்த அசல் அப்சார்பரிடம் இருக்காது.

வேகத்தடை மேட்டில் ‘டொக்’ என்று இடிக்கும். விரைவுச்சாலையில் கார் துள்ளும். பிறகு எண்ணெய் கசிந்தால், எல்லாவற்றையும் மீண்டும் கழற்றிப் பொருத்தும் கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

குடும்பக் காருக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தாழ்த்துவதே அதிகம் எனலாம். ஐந்து பேர் ஏறி, தேக்காவில் வாங்கிய அரிசி மூட்டையும் பின்னால் இருந்தால் கார் இன்னும் இறங்கும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையிலும் வேகத்தடை மேடுகளிலும் அடிப்பாகம் உரசக்கூடும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஏறி இறங்குவதும் சிரமமாகலாம்.

ஜெர்மனியின் ஐபாக், எச்&ஆர், ஜப்பானின் டெய்ன் போன்றவை பெயர்பெற்ற ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள். எதை வாங்கினாலும், அது அந்தக் கார் ரகத்திற்கும் ஆண்டிற்கும் உரியதா எனப் பாகத்தின் எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அப்சார்பரும் ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். பில்ஸ்டீன் நிறுவனம் அசல் உயரத்துக்கு ‘பி6’ என்றும் தாழ்த்திய கார்களுக்குக் குட்டையான ‘பி8’ என்றும் தனித்தனியாகத் தயாரிப்பது இதனால்தான். ஒரு கேள்வியைப் பட்டறையில் கட்டாயம் கேளுங்கள்: “காரை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்குமா?” தளர்ந்து ஆடும் என்றால் அந்த இணை பொருந்தாது. செலவைக் குறைக்க அசல் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது ஆபத்தான குறுக்குவழி.

ஒரே கூலியில் முடிக்க வேண்டியவை

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், அதன் பேரிங், ரப்பர் தடுப்பு, தூசி உறை, லோவர் ஆர்ம் புஷ் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் இடம், வலம் என இணையாகவே மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரக் கோணத்தைச் சீர்படுத்தும் ‘அலைன்மெண்ட்’ அவசியம். இல்லாவிட்டால் டயரின் உட்புறம் சீக்கிரம் தேயும். அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

விதிமுறையை மறக்க வேண்டாம்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, தடைசெய்யப்பட்டவை என மூன்றாகப் பிரித்துள்ளது. உங்கள் மாற்றம் எதில் அடங்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பாருங்கள். 10 வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அசல் ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு புதிய அப்சார்பர்களை வாங்கலாம். காரின் முன்மூலையை அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலோ அதற்கான நேரம் வந்துவிட்டது. கார் தாழாது, ஆனால் வளைவில் நிதானம் திரும்பும். தாழ்த்த வேண்டும் என்று தோன்றியதற்குப் பாதிக் காரணம் தேய்ந்த அப்சார்பர்தான் என்பது அப்போது தெரியவரலாம்.